அடிதாங்கிகள்

என் பெரிய மாமாவிடம் சொல்வதற்கு ஒரே ஒரு பெரிய கதைதான் இருந்தது. 1975 ஜூலை 1. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து மெர்டேக்கா அரங்கத்துக்கு நடந்தே போய், முகமது அலி ஜோ பக்னரோடு மோதியதைப் பார்த்த கதை. அமெரிக்காக்காரன் ஜூன் 30 இரவு டிவியில் பார்க்க வேண்டும் என்பதற்காக நமக்குக் காலையில் நடந்த போட்டி அது. மாமா பசியாறாமல் போனாராம்.

"பதினஞ்சு ரவுண்டுடா. வெயிலு மண்டையப் பொளக்குது. பக்னர் குத்துறான், குத்துறான், குத்திக்கிட்டே இருக்கான். அலி அப்படியே நிக்கிறான். அடி தாங்குறவன்தான்டா சாம்பியன்."

ஒவ்வொரு தீபாவளிக்கும் பக்னரின் குத்துகள் கூடிக்கொண்டே போகும். ஒரு வருஷம் அலியின் வாயில் ரத்தம் வந்தது. இன்னொரு வருஷம் கண் வீங்கியது.

சில வருஷங்களுக்கு முன் அந்தப் போட்டியின் ஒளிப்பதிவை முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். மாமா சொன்னதில் பாதிகூட அதில் இல்லை. பக்னர் இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் கதவு மாதிரி மூடிக்கொண்டு பெரும்பாலான நேரத்தை ஓட்டுகிறார். அலி அந்தக் கதவைத் தட்டித் தட்டிப் புள்ளிகளைச் சேர்க்கிறார். 15 சுற்று முடிந்ததும் தீர்ப்பு ஒருமனதாக அலிக்கு. கோலாலம்பூரில் அலியைப் பிழிந்தெடுத்தது வெயில்தான். பக்னரின் கைக்கு அதில் பெரிய பங்கில்லை.

மாமா பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. எட்டு மாதம் முன்பு, 1974 அக்டோபர் 30இல், கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனின் குத்துகளைக் கயிற்றில் சாய்ந்தபடி வாங்கிக்கொண்டு எட்டாவது சுற்றில் அவரைச் சாய்த்த அலியைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்தது. மாமா அந்த அலியைத்தான் பார்க்கப் போனார். மெர்டேக்காவில் அவர் இல்லாததால் தானே உண்டாக்கிக்கொண்டார்.

என் கேள்வி இதுதான்: அழகாக ஆடி, அடியே வாங்காமல் ஜெயித்த அலி ஏன் அவருக்குப் போதவில்லை? அடி வாங்கும் அலி எதற்குத் தேவைப்பட்டார்?

இந்தக் கேள்வி மனசில் இருந்ததால்தான் 'ஃபேசிங் அலி' ஆவணப்படத்தைப் பற்றி எழுத நினைத்தேன். 2009இல் வந்தது, இயக்கம் பீட் மெக்கார்மக். ஸ்டீபன் பிரன்ட் என்ற கனடியப் பத்திரிகையாளரின் அதே பெயர் கொண்ட புத்தகத்திலிருந்து பிறந்த படம். அலியோடு மோதிய பத்துப் பேர் கேமரா முன் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஜார்ஜ் சுவாலோ, ஹென்றி கூப்பர், எர்னி டெரல், ஜோ ஃபிரேசியர், கென் நார்டன், ஜார்ஜ் ஃபோர்மன், ரான் லைல், எர்னி ஷேவர்ஸ், லியோன் ஸ்பிங்க்ஸ், லேரி ஹோம்ஸ். புத்தகத்தில் பக்னருக்கு இடம் உண்டு, படத்தில் இல்லை. நம்ம ஊர்ப் போட்டி அங்கேயே கழன்றுபோகிறது. போகட்டும்.

அலியைப் பற்றிய படங்களில் நம் இளைஞர்கள் அதிகம் பார்த்தது 'வென் வீ வேர் கிங்ஸ்'. 1996 படம், ஆஸ்கார் வாங்கியது. கின்ஷாசா போட்டியைப் பற்றி நார்மன் மெய்லர், ஜார்ஜ் பிளிம்ப்டன் இரண்டு பேரும் அதில் பிரமாதமாகப் பேசுவார்கள். எழுத்தாளர்கள் ஆச்சே! ஆனால் அவர்கள் இரண்டு பேருமே ரிங்குக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள். ஃபோர்மனின் குத்து எப்படிப்பட்டது என்று மெய்லருக்குக் கண்ணாலும் காதாலும் தெரியும், விலா எலும்பால் தெரியாது. 'ஃபேசிங் அலி' அந்த வேலையை எழுத்தாளர்கள் கையிலிருந்து பிடுங்கி, அடித்தவர்கள் கையில் கொடுக்கிறது. அதன் முதல் பலம் அதுதான்.

அலியை அதிக பலமாகக் குத்தியவர் யார் என்பது குத்துச்சண்டை ரசிகர்கள் தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசிப் பேசித் தீராத விஷயம். படத்தை வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம்.

முதலில் கூப்பர். 1963 ஜூன், வெம்பிளி. அப்போது அலி இன்னும் கேஷியஸ் கிளே. நான்காவது சுற்றின் கடைசி நொடிகளில் கூப்பரின் இடக்கை வளைகுத்து கிளேயைக் கயிற்றோடு கீழே உட்காரவைத்தது. மணி அடித்ததால் தப்பினார். அடுத்த சுற்றில் கூப்பரின் கண்ணுக்கு மேல் கிழிந்து ரத்தம் கொட்ட, போட்டி முடிந்தது. வாழ்நாள் முழுக்க ஒரு குத்துக்காக நினைவில் நின்ற மனிதர் கூப்பர். அந்தப் போட்டியில் தோற்றவரும் அவர்தான்.

அப்புறம் சுவாலோ. 1966இல் டொராண்டோவில் 15 சுற்று. 93 தொழில்முறைப் போட்டிகளில் ஒருமுறைகூடக் கீழே விழாத மனிதர். அன்று இரவு அலி சிறுநீரில் ரத்தத்தோடு மருத்துவமனைக்குப் போனார், நான் என் மனைவியோடு நடனமாடப் போனேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். தலையில் அடிக்க முடியாதவர்கள் உடம்பில் அடிப்பார்கள். சுவாலோவின் குத்துகள் அந்த வகை.

1971 மார்ச் 8, மேடிசன் ஸ்குவேர் கார்டன். 15ஆவது சுற்றில் ஃபிரேசியரின் இடக்கை. அலி மல்லாந்து விழுந்தார். தாடை ஒரு பக்கம் பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது. பார்ப்பவர்கள் மூச்சு விடுவதற்குள் எழுந்துவிட்டார். அந்தப் போட்டியில் தோற்றாலும், அலி 'தாங்குவார்' என்ற பெயர் அந்த நொடியில்தான் பிறந்தது என்பேன்.

1973 மார்ச் 31, சான் டியாகோ. கென் நார்டன் அலியின் தாடையை உடைத்தார். எந்தச் சுற்றில் உடைந்தது என்பதில்தான் கதையே இருக்கிறது. அலி தரப்புக் கணக்கு: இரண்டாவது சுற்றிலேயே. அப்படியென்றால் உடைந்த தாடையோடு பத்துச் சுற்று நின்ற மாவீரன். நார்டன் தரப்புக் கணக்கு: கடைசிக்கட்டத்தில்தான். ஒரே எலும்பு, இரண்டு கதை. உறுதி என்பது உடம்பில் இருப்பதைப்போலவே அதைச் சொல்லும் விதத்திலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. என் மாமா செய்ததும் இதைத்தானே?

ஃபோர்மன். அலியிடம் வரும்வரை 40 போட்டி, 40 வெற்றி, அதில் 37 நாக்அவுட். ஃபிரேசியரை இரண்டு சுற்றுக்குள் ஆறுமுறை கீழே தள்ளியவர். நார்டனுக்கும் இரண்டு சுற்றுதான். இந்த இருவரிடமும் தடுமாறிய அலி, இருவரையும் நொறுக்கியவரின் கைக்குள் தானாகப் போய் நின்றார்.

கடைசியாக ஷேவர்ஸ். 1977 செப்டம்பர் 29. மொட்டைத் தலையைப் பார்த்து 'ஓக் விதை' என்று அலி கிண்டலடித்த மனிதர். வாழ்நாளில் 74 வெற்றி, அதில் 68 நாக்அவுட். இரண்டாவது சுற்றில் அவருடைய வலக்கை விழுந்தபோது அலியின் கால் தள்ளாடியது. உடனே அலி கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து, அடிபட்ட மாதிரி நடித்தார். உண்மையிலேயே அடிபட்டவர், அடிபட்ட மாதிரி நடித்தார்! ஷேவர்ஸ் குழம்பிப்போய் நெருங்காமல் விட்டார். தான் வாங்கியதிலேயே பலமான குத்து ஷேவர்ஸினுடையதுதான், அதன் அதிர்ச்சி ஆப்பிரிக்காவில் இருக்கும் தன் மூதாதையருக்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று அலி பின்னாளில் வேடிக்கையாகச் சொன்னார். 15 சுற்றும் தாங்கி, ஜெயித்தார்.

ஆக, அலியின் வாக்குமூலப்படி பட்டம் ஷேவர்ஸுக்கு. தேநீர்க் கடை விவாதம் இங்கே முடியலாம். விமர்சனம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பட்டியலை இன்னொரு முறை, வருஷத்தை மட்டும் கவனித்துப் படியுங்கள். 1967க்கு முந்தைய அலியை அடிப்பதே கஷ்டம். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தலையை ஓர் அங்குலம் பின்னால் இழுத்தால் போதும், குத்து காற்றில் போகும். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக மூன்றரை வருஷம் ரிங்கைவிட்டு வெளியே வைத்தார்கள். திரும்பி வந்தபோது கால் பழைய கால் இல்லை. அப்போதுதான் அவர் ஒன்றைக் கண்டுகொண்டார்: தன்னால் அடி தாங்க முடியும். அது அவருக்கு நல்லதாகவும் முடிந்தது, பெரும் கேடாகவும் முடிந்தது என்று அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்செகோ சொல்லியிருக்கிறார். பயிற்சியில்கூடச் சக வீரர்களைத் தன் உடம்பில் அடிக்கவிட்டுப் பழகினார். உறுதி அவருக்குப் பிறவியில் வந்தது மட்டுமில்லை. வேகம் போனதற்குப் பதிலாக அவர் கொடுத்துக்கொண்டிருந்த வட்டி அது.

ஷேவர்ஸ் போட்டிக்குப் பிறகு அலியின் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருப்பதைக் காட்டும் பரிசோதனை அறிக்கையைப் பச்செகோ அலிக்கும் அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கும் அனுப்பினார். பதில் இல்லை. அவர் விலகிக்கொண்டார். அலி விலகவில்லை. 1980இல் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். ஊர் கூடிக் கொண்டாடியது. அதே வருஷம் அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். முன்பு அலிக்குப் பயிற்சித் துணையாக இருந்த லேரி ஹோம்ஸ், பத்துச் சுற்று அவரைக் குத்த வேண்டியிருந்தது. பத்தாவது சுற்று முடிந்ததும் ஏஞ்சலோ டண்டி நிறுத்தினார். 61 போட்டிகளில் அலி பாதியில் நிறுத்தப்பட்டது அது ஒன்றுதான். ஜெயித்த ஹோம்ஸ் அழுதார். 1984இல் அலிக்கு நடுக்குவாத நோய்க்குறி இருப்பதாகச் சொன்னார்கள். 2016 ஜூன் 3 வரை அதோடு வாழ்ந்தார்.

'ஃபேசிங் அலி' இதைச் சொல்லும் விதம்தான் என்னை உலுக்கியது. படம் உரையாற்றுவதில்லை. பேசுகிறவர்களைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஒருவருடைய நாக்கு குழறுகிறது, ஒருவர் சொல்லைத் தேடுகிறார், ஒருவருடைய குரல் தேய்ந்திருக்கிறது. எல்லாமே குத்துச்சண்டையால் வந்தது என்று சொல்ல முடியாது. நார்டன் 1986இல் ஒரு கார் விபத்தில் சிக்கி உயிர் பிழைத்தவர். ஆனாலும், அந்தக் காலத்து அலியின் மணிமணியான பேச்சு ஒரு பக்கமும் இவர்களின் இன்றைய பேச்சு மறுபக்கமும் வந்து வந்து போகும்போது நமக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. அலி இந்தப் படத்தில் இன்றைய குரலில் பேசுவதே இல்லை. அந்த மௌனத்தை மற்ற பத்துப் பேரும் தங்கள் குரலால் நிரப்புகிறார்கள்.

இன்னொன்று. அடித்தவர்களும் அடிபட்டவர்கள்தான் என்பதைப் படம் மறைக்கவில்லை. லைல் கொலைக் குற்றத்துக்காக ஏழு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்து, அங்கேயே குத்துச்சண்டை கற்றவர். ரிங்கில் விழாத சுவாலோ, மூன்று மகன்களையும் மனைவியையும் போதைப்பொருளுக்கும் தற்கொலைக்கும் பறிகொடுத்தவர். 'விழாதவர்' என்ற பட்டத்துக்கு அந்த வீட்டில் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள்.

குறையும் இருக்கிறது. படம் கடைசியில் நன்றியுரையாக மாறிவிடுகிறது. அலியால்தான் நாங்கள் என்கிற தொனியில் ஆளாளுக்கு உருகுகிறார்கள். 1967இல் தன்னைப் பழைய பெயரால் கூப்பிட்டதற்காக டெரலைச் சுற்றுச் சுற்றாக வதைத்த அலி, மணிலாவுக்கு முன் ஃபிரேசியரைக் குரங்கு என்று சொல்லி ஊரைச் சிரிக்கவைத்த அலி, இந்த உருக்கத்தில் மங்கிப்போகிறார். கறுப்பின மக்களின் கௌரவத்துக்காக எல்லாவற்றையும் இழக்கத் துணிந்தவர், இன்னொரு கறுப்பரை அந்தச் சொல்லால் அடித்தார். ஃபிரேசியரின் இடக்கையைவிட ஆழமான குத்து அது. ஃபிரேசியர் அதைப் பல வருஷம் சுமந்தார். படம் அங்கே நின்று பேசியிருக்கணும். தாண்டிப் போய்விட்டது.

நம்ம பக்கம் வருவோம். 2021இல் 'சார்பட்டா பரம்பரை' வந்தபோது பிரிக்பீல்ட்ஸ் பையன்கள் எல்லாரும் டான்ஸிங் ரோஸ் மாதிரி கால் பின்னி ஆடினார்கள். நானும் ஆடினேன். யோசித்தால், ரோஸ் யார்? அடி வாங்காமல் ஆடுகிறவன். 1964இல் லிஸ்டனைச் சுற்றிச் சுற்றி வந்த இளம் அலியின் ஜாடை. ரசிகர்கள் கொண்டாடியது அவனை. ஆனால் கதைக்கு அவன் போதவில்லை. கதைக்குக் கபிலன்தான் தேவை. வேம்புலியிடம் அடிபட்டு, அவமானப்பட்டு, குடித்து அழிந்து, கடைசிப் போட்டியிலும் முதலில் வாங்கு வாங்கென்று வாங்கி, பிறகு எழுகிற கபிலன். பா. ரஞ்சித் இதில் கவனமாகவே இருக்கிறார். குத்துச்சண்டை பழகாதே என்று துரத்தும் தாய், அதே வீரத்தால் அழிந்த தகப்பன் என்று உறுதியின் விலையைப் படம் முன்கூட்டியே எழுதி வைக்கிறது. இருந்தும், கடைசி மணி அடிக்கும்போது அந்த விலைச்சீட்டு யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. ஜெயித்துவிட்டானே!

இது ஒரு படத்தின் குறை இல்லை. நம் பழக்கம். தோட்டத்தில் மண்டோர் அடித்தாலும் கிராணி திட்டினாலும் மறுநாள் விடியற்காலையில் கித்தா மரத்துக்குப் போய் நின்ற தாத்தாவை நாம் எப்படிச் சொல்கிறோம்? "இரும்புய்யா அந்த மனுசன்." சயாம் ரயில் பாதையிலிருந்து பிழைத்து வந்தவரை? "எமனையே பார்த்துட்டு வந்தவரு." பள்ளியில் ரோத்தான் அடிக்கு அழாமல் கையை நீட்டிய பையனுக்கு அன்று வகுப்பில் தனி மரியாதை. நான் அழுதேன், எனக்கு ரொம்ப நாள் பட்டப்பெயர் இருந்தது. அடித்தது சரியா என்று யாரும் கேட்டதாக ஞாபகமில்லை. தாங்கினானா என்பதுதான் கேள்வி.

நம் மலேசியச் சிறுகதைகளில் பெரும்பகுதி இந்த இரும்பு மனிதர்களால் நிறைந்திருக்கிறது. துன்பம் வரும், தாங்குவார்கள், கடைசிப் பத்தியில் சூரியன் உதிக்கும். எழுதுகிறவர்களின் அன்பை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அடிபட்டவனின் உறுதியைப் பாடப் பாட, அடி எங்கிருந்து வந்தது, அது உடம்பில் எங்கே போய்த் தங்கியது என்ற கேள்விகள் கதையைவிட்டு வெளியேறிவிடுகின்றன. உறுதியைப் புகழ்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. புகழ்கிறவன் எதையும் நிறுத்த வேண்டியதில்லை.

அதனால்தான் இந்தக் கதைகளிலெல்லாம் எனக்கு நாயகனாகத் தெரிகிறவர் ரிங்குக்குள் இருக்கிறவர் இல்லை. 1975 அக்டோபர் 1, மணிலா. நம் மெர்டேக்கா போட்டி முடிந்து சரியாக மூன்று மாதம். அலியும் ஃபிரேசியரும் மூன்றாவது முறை. 14ஆவது சுற்று முடிந்தபோது ஃபிரேசியரின் கண்கள் கிட்டத்தட்ட மூடிவிட்டன. எதிர்மூலையில் அலியும் செத்துப் பிழைத்த நிலையில்தான் இருந்தார். சாவுக்கு மிக அருகில் போன அனுபவம் என்று பிறகு அவரே சொன்னார். ஃபிரேசியர் இன்னும் ஒரு சுற்று ஆடத் துடித்தார். அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் விடவில்லை. உட்காரப்பா, போதும் என்கிற மாதிரி தோளைப் பிடித்து அமர்த்தி, போட்டியை முடித்தார். ரிங்கில் வீரர்கள் சாவதைப் பார்த்திருந்தவர் அவர். உலகப் பட்டம் மூன்று நிமிஷத் தூரத்தில் இருந்தது. வேண்டாம் என்றார். அலியின் மூலையில் அப்படி ஒருவர் அதற்குப் பின் ஐந்து வருஷம் கழித்துத்தான் எழுந்தார்.

'ஃபேசிங் அலி'யைப் பாருங்கள். குத்துச்சண்டை பிடிக்காதவர்களும் பார்க்கலாம். அதில் வரும் பத்துப் பேரில் பெரும்பாலோர் இன்று இல்லை. யார் பலமாக அடித்தார்கள் என்று தெரிந்துகொள்ளப் போவீர்கள். யார் நிறுத்தியிருக்கலாம் என்று கேட்டுக்கொண்டு திரும்புவீர்கள்.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். அவர் வளர்ந்த குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த ஒரு தீபாவளிக்கு முந்தைய இரவு, நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முகம் வேர்த்திருந்தது. கேட்டதற்கு, "வாயுதான்டா, நேத்துலேர்ந்து இருக்கு. தாங்கிக்குவேன்" என்றார். நான் சிரித்தேன். "மாமாவுக்கென்ன, அலி மாதிரி" என்று சொன்னேன். அவருக்கும் அது பிடித்திருந்தது, சிரித்தார். மெர்டேக்கா கதையை இன்னொரு முறை சொன்னார். அந்த வருஷம் பக்னர் முன்னெப்போதையும்விட அதிகமாகக் குத்தினார்.

விடியற்காலையில் மாமா இறந்தார்.

அன்று இரவு அவர் மூலையில் நின்றிருந்தது நான்தான்.